விடிய விடிய இராமாயணம்

"விடிய விடிய இராமாயணம் கேட்டுச் சீதைக்கு இராமன் சிற்றப்பன் என்றானாம்" என்பது நாமனைவரும் அறிந்த பழமொழி. இரவெல்லாம் கதை சொல்வாரும் கேட்பாரும் இருந்த நாட்டிலன்றி இம்மொழி பிறந்திராது.

அத்தகைய நாடே இது. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம் பகுதியில் வாழ்ந்த அய்யப்பிள்ளை ஆசான், தமிழும் மலையாளமும் விரவிய நடையில் இராமகதைப்பாட்டினை இயற்றினார். சந்திரவளையம் என்னும் கருவியை இசைத்துக் கோயில்களில் அதனைப் பாடினர். வடக்கே பாலக்காட்டுப் பகுதியில், பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பர் பாடல்களைக் கொண்டு தோற்பாவைக்கூத்து நிகழ்த்துகின்றனர். அது பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும். தாருகனோடு பொருதமையால் இராவண வதத்தைக் காண இயலாத தேவிக்காகவே அக்கூத்து என்பது ஐதிகம். ஆதலின், எதிரே ஒருவரும் இல்லாதபோதும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை.

சொல்வோர் தம் கடனை இவ்வாறு ஆற்றும்போது, கேட்போர் கடன் யாது? இராமனும் சீதையும் யாரென்பதையே நழுவவிட்டவன் அன்றிரவு உறங்கவில்லை, விழித்தேயிருந்தான். அவன் உள்ளம் மட்டும் அவையில் இல்லை. அவனையே பழமொழி இடித்துரைக்கின்றது. வானொலியைத் திருப்பி வைத்துவிட்டு வேறு நினைவில் ஆழும் நமக்கும் அவ்வுரை பொருந்துமன்றோ?