களவு என்றும் கையாடல் என்றும்



நான் பேங்க் குமாஸ்தா. எங்கள் இடத்தில் ஊழியர் பணத்தை எடுத்தால் அதற்குப் பெயர் கையாடல். சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட், விளக்கம் சொல்லத் தவணை, அதுவரை பிழைப்பூதியம். யாரும் சாதியைக் கேட்டு அடிப்பதில்லை. குறவர் குடிசை என்றால் அதே காரியம் களவு. அங்கே மோப்ப நாய்கூட வேணாம், சாதி போதும்.

இன்றைய கடலூர் மாவட்டத்திலேயே பாருங்கள். 1992இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோனவர் பிணமானார். அவர் மனைவி வல்லுறவுக்கு ஆளானார். 1993 மார்ச்சில் முதனை கிராமத்துக் குறவர் ராசாக்கண்ணுவை, நகை திருடியதாகச் சொல்லிக் கம்மாபுரம் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். 'தப்பி ஓடிட்டான்' என்றது போலீஸ். ஓடியது அவர் உயிர். மனைவி உயர்நீதிமன்றம் போனார். பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆனது.

1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதியது. 1952இல் நாடெங்கும் ரத்தானது. லாக்கப்பில் ரத்தாகவில்லை.

நம்மாளு எவனும் திருடலன்னு நான் சொல்ல வரல. கையாடினவனுக்குக் கிடைக்கிற விசாரணை, திருடினவனுக்கும் வேணும். திருடாதவனுக்கு அதைவிட வேணும்.

ராத்திரி ஒருத்தரைத் தூக்கினால் விடியும்வரை காத்திருக்காதீங்க. ஸ்டேஷன் வாசலில் நின்று, 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன கைதுக் குறிப்பைக் கேளுங்க. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்லுங்க. நாம வெளியே நிற்பது தெரிந்தால், உள்ளே ஓங்கின லத்தி யோசிக்கும்.