தெரிஞ்சுதானே வந்தான்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினீயர் எதுக்குச் சட்டம் பேசுறான்னு நினைப்பீங்க. நம்ம சிவகாசி, சாத்தூர் பக்கம் வெடிவிபத்து நடந்தா மறுநாள் டீக்கடையிலே ஒரு பேச்சு வரும்: "ஆபத்துன்னு தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தான்?" இந்த வாதம் சட்டத்தில் நிற்குமா என்பதே என் பேச்சு.

சம்மதம் என்பது பழைய எதிர்வாதம். கபடியில் காலைப் பிடித்து இழுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது; சம்மதித்துத்தான் களத்தில் இறங்கினோம். ஆனால், விதியை மீறி முகத்தில் குத்தினால் அந்தச் சம்மதம் உதவாது. பட்டாசு ஆலைக்கும் இதே கணக்குத்தான். வந்தவர் வேலைக்குத்தான் சம்மதித்தார். அளவுக்கு மீறி மருந்தும் ஆளும் அடைத்த அறைக்கு அல்ல. ஆபத்தை விளக்கிச் சொல்லி, தொழிலாளி புரிந்து தானாக ஏற்றார் என்று முதலாளியே நிரூபிக்க வேண்டும் என்றது 1938ஆம் ஆண்டு முதலாளிகள் பொறுப்புச் சட்டம்.

அடுத்த வாதம், "சொன்ன பேச்சைக் கேட்கலை." 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை அகற்றுதல் ஆகிய மூன்று விலக்குகளைத் தந்தது. ஆனால் உயிர் போயிருந்தால் மூன்றும் செல்லாது. 1995 திருத்தம் நிரந்தர முழு ஊனத்தையும் அதில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே வழியில்தான் போகிறது.

1985-இல் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு முழுப் பொறுப்பு உண்டு, விதிவிலக்கே கிடையாது என்று நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1986-இல் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்து அச்சங்குளம் ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் மாண்டபோது, பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் பலர் இந்த ஆலைகளிலே விபத்து அறிக்கை எழுதுவீங்க. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுமுன் நாலு கேள்வி கேளுங்க. அறையில் எவ்வளவு மருந்து இருந்தது? எத்தனை பேர் இருந்தார்கள்? ரப்பர் விரிப்பும் எர்த்தும் இருந்ததா? பயிற்சி கொடுத்தது யார்? பதில் கிடைத்த பிறகு பேனாவை எடுங்க. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு குடும்பம் இருக்கும்.