"எனக்கு யாருமே இல்லன்னு எழுதுனியா?": அம்மாவுக்கு சூப்பர் விசா போட்ட கதை

லேஆஃப் எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல அதிகம் வந்த கேள்வி வேலையைப் பத்தி இல்ல. "ப்ரோ, அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூட்டிட்டு வர்றது எப்படி?" அதுதான். நான் வக்கீலும் இல்ல, கன்சல்டன்டும் இல்ல. ஒரு தடவை ரிஜெக்ட் வாங்கி, ரெண்டாவது தடவை விசா வாங்கின ஒரு ஆள். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை நம்புங்க.

அப்பா 2022ல தவறிட்டாங்க. அம்மா திண்டுக்கல்ல, நான் டொராண்டோல. கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. "இனிமே அம்மா என்கூடத்தான்" அப்படின்னு நான் பாட்டுக்கு முடிவு பண்ணிட்டேன். அம்மாகிட்ட கேட்டேனான்னு கேட்காதீங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நிரந்தரமா கூப்பிடுற ஸ்பான்சர்ஷிப்பைத்தான் முதல்ல பார்த்தேன். அந்தக் கதவு எனக்கு மூடியிருந்தது. 2020 அக்டோபர், நவம்பர்ல விருப்பப் படிவம் போட்டவங்க பட்டியல்ல இருந்துதான் 2025 வரைக்கும் குலுக்கல்ல கூப்பிட்டாங்க. நான் இங்க வந்ததே 2021. கிடைச்சிருந்தாலும் அது சின்ன விஷயம் இல்ல. மூணு வருஷ வருமானம் காட்டணும், 20 வருஷத்துக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். நடுவுல அவங்க அரசாங்க உதவித்தொகை வாங்கினா, அதை நாமதான் திருப்பிக் கட்டணும். வேலை போனாலும் விவாகரத்து ஆனாலும் அந்தக் கையெழுத்து அப்படியே நிக்கும். கியூபெக் கணக்கு மட்டும் தனி.

அதனால சூப்பர் விசா. பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, இதுவும் விசிட்டர் விசாதான். ஆனா ஒரு தடவை உள்ள வந்தா 5 வருஷம் வரைக்கும் இருக்கலாம். விசா 10 வருஷம் வரைக்கும் கிடைக்கும், பாஸ்போர்ட் அதுக்கு முன்னாடி முடிஞ்சா அதுவரைக்கும்தான்.

இதுக்கும் ஒரு வருமான வரம்பு இருக்கு. குடும்பத்துல எத்தனை பேர்னு எண்ணும்போது வரப்போற அம்மாவையும் சேர்த்து எண்ணணும், பல பேர் கோட்டை விடுறது இங்கதான். நானும் அம்மாவும் ரெண்டு பேர். அப்போதைய கணக்குப்படி 36,576 டாலர், வருஷா வருஷம் மாறும். ஐடி வேலைக்கு இதெல்லாம் ஒரு காசான்னு தோணும். ஆனா 2023ல எனக்கு வேலை போயிருந்தது, அந்த வருஷத்து நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட்ல வரம்புக்குக் கீழதான் வந்துச்சு. அதனால அவசரப்படாம, 2025 மார்ச்ல வரி தாக்கல் பண்ணி, 2024க்கான நோட்டீஸ் வந்த பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். நான் உருப்படியா எடுத்த ஒரே முடிவு அது.

அடுத்தது பேர். நம்ம ஊர்ல நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. கனடா படிவத்துல குடும்பப் பேர் கட்டாயம். அப்படி இருந்தா இருக்குற பேரை முழுசா குடும்பப் பேர் கட்டத்துல போட்டு, அடுத்த கட்டத்தைக் காலியா விடணும். அப்பா பேரை எடுத்து நீங்களா சர்நேமா மாத்திடாதீங்க. ஆவணத்துக்கு ஆவணம் பேர் மாறினா அதுக்குத் தனியா விளக்கம் எழுத வேண்டி வரும்.

இன்ஷூரன்ஸைச் சுருக்கமா சொல்லிடுறேன். குறைஞ்சது ஒரு லட்சம் டாலர் கவரேஜ், குறைஞ்சது ஒரு வருஷம். கொட்டேஷன் செல்லாது, பணம் கட்டியிருக்கணும், தவணைல கட்டினாலும் சரி. விசா கிடைக்கலன்னா பணம் திரும்ப வருமா, ஏற்கெனவே இருக்குற சுகருக்குக் கவர் உண்டா, இந்த ரெண்டையும் எழுத்துல வாங்கிக்குங்க. எனக்கு அந்த ரீஃபண்ட் தேவைப்பட்டுச்சு.

இப்போ அழைப்புக் கடிதம். தங்குற காலம் முழுக்க செலவு என் பொறுப்புன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் ஒருபடி மேல போனேன். ராத்திரி உக்காந்து, கண்ணெல்லாம் கலங்கி, ரெண்டு பக்கம். "அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை." இதை ஆங்கிலத்துல இன்னும் உருக்கமா எழுதினேன். அம்மா சென்னைக்குப் போய் பயோமெட்ரிக்ஸ் குடுத்தாங்க, மெடிக்கல் முடிச்சாங்க.

ரிஜெக்ட். காரணம் ஒரே வரி: தங்குற காலம் முடிஞ்சதும் இவங்க நாட்டை விட்டுக் கிளம்புவாங்கன்னு நம்பிக்கை வரல.

ரெண்டு நாள் எல்லாரையும் திட்டினேன். அப்புறம் அம்மாகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கி, 5 டாலர் கட்டி, அதிகாரியோட குறிப்புகளைக் கேட்டு வாங்கினேன். இதை ரிஜெக்ட் ஆன எல்லாரும் பண்ணுங்க. கணவர் இல்லை, ஒரே பிள்ளை கனடாவில், சொந்த நாட்டில் பிணைப்புகள் குறைவு, இதுதான் சாராம்சம். அந்த ஆள் என் கடிதத்தைத்தான் சுருக்கி எழுதியிருந்தார்! யோசிச்சுப் பாருங்க, ஒரு பேப்பர்ல "அம்மாவை நான் பார்த்துக்குவேன்"னு நிரூபிக்கணும், இன்னொரு பேப்பர்ல "அம்மாவுக்குத் திரும்பிப் போக ஒரு வாழ்க்கை இருக்கு"ன்னு நிரூபிக்கணும். நான் முதல் பேப்பரை எழுதுறேன்னு ரெண்டாவதை அடிச்சுட்டேன்.

வேற வழியில்லாம போன்ல அம்மாகிட்ட கடிதத்தைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"ஏன்டா, எனக்கு யாருமே இல்லன்னு எழுதுனியா?"

"விசா கிடைக்கணும்னுதான்மா..."

"அடுத்த தெருவுல உங்க சித்தி இல்லையா? குழுவுல பன்னெண்டு பேரு இல்லையா? நான் என்ன அனாதையா?"

மறுநாள் காலைல இருந்து வாட்ஸ்அப்ல போட்டோவா வந்து விழுந்துச்சு. வீட்டுப் பட்டா. அம்மா பேர்ல வீட்டு வரி ரசீது. மாடியில குடியிருக்குறவங்களோட வாடகை ஒப்பந்தம். அப்பா டீச்சர்ங்கிறதால குடும்ப ஓய்வூதியப் புத்தகம், நேர்காணலுக்குப் போய் வந்த பதிவு. கடைசியா மகளிர் சுய உதவிக் குழுவோட பேங்க் பாஸ்புக். அம்மாதான் அந்தக் குழுவோட ஊக்குநர், பேங்க் கணக்குல கையெழுத்துப் போடுற ரெண்டு பேர்ல ஒருத்தர். குழு பேர்ல கடன் ஓடிட்டு இருக்கு. இது எதுவும் எனக்குத் தெரியாது. அவங்க வாராவாரம் "இன்னிக்குக் கூட்டம்டா"ன்னு போனை வைக்கும்போது ஏதோ பொழுதுபோக்குன்னு நினைச்சிருக்கேன்.

"ஆறு மாசம்தான் வருவேன். சும்மா விட்டுட்டு வர முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. அடுத்த கூட்டத்துல தீர்மான நோட்டுல எழுதினாங்க: ஊக்குநர் ஆறு மாதம் வெளிநாடு செல்வதால் அதுவரை அவர் பொறுப்பை இன்னார் கவனிப்பது, திரும்பியதும் அவரே தொடர்வது. கீழ எல்லார் கையெழுத்தும். ஒருத்தர் கைநாட்டு.

ரெண்டாவது விண்ணப்பத்துல அதைத்தான் மேல வெச்சேன். நானே மொழிபெயர்த்துடலாம்னு பார்த்தேன், ஆனா குடும்பத்து ஆளுங்க பண்ணக்கூடாது. வெளியாள் செஞ்சு, சான்றோட இணைக்கணும். பயோமெட்ரிக்ஸ் 10 வருஷம் செல்லும்கிறதால அம்மா மறுபடி சென்னைக்கு அலைய வேண்டியதில்ல. 100 டாலர் விசா கட்டணம் மட்டும் திரும்பக் கட்டணும். கடிதம் இந்தத் தடவை முக்கால் பக்கம்தான். "என் தாயார் ஆறு மாதம் என்னோடு இருந்துவிட்டு வீடு திரும்புவார்." அனுப்புறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "ம், இது சரி"ன்னாங்க.

அதுக்கு விசா வந்துச்சு. அந்தத் தீர்மானம்தான் காரணமான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதிகாரிகள் காரணம் எழுதுறது மறுக்கும்போதுதான்.

வந்தாங்க, ஸ்கார்பரோ பூரா சுத்தினாங்க, தோசை சைஸைப் பார்த்துச் சிரிச்சாங்க, குளிரைத் திட்டினாங்க. ராத்திரி பத்தரை ஆனா அங்க காலை; போனை எடுத்துட்டு பால்கனிப் பக்கம் போய் "இந்த மாசத் தவணை கட்டியாச்சா?"ன்னு ஆரம்பிப்பாங்க. 5 வருஷம் இருக்கலாம்மான்னு ஒருநாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். "நோட்டுல ஆறு மாசம்னு எழுதியிருக்குடா"ன்னாங்க. டிக்கெட் நான்தான் போட்டேன்.

உங்க வீட்டு ஃபைல்ல என்னென்ன இருக்குன்னு கேட்டுட்டு எழுதுங்க, படிச்சுட்டு அடுத்த எபிசோட்ல பேசலாம். அம்மா கூப்பிடுறாங்க, எடுக்கணும்.