கைக்கு ஏற்ற சுத்தியல்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மானாவாரி வெள்ளாமை வீடு சேர்ந்து, கரிசல் வெடித்துக் கிடக்கும் கோடையில்தான் நம் ஊர்களில் மரவேலைக்கு நேரம் கிடைக்கிறது. கொட்டகைக்குக் கைமரம் ஏற்றுவதும், கதவுநிலை பொருத்துவதும், தகரக் கூரைக்குச் சட்டம் அடிப்பதும் அப்போதுதான். தச்சரும் விவசாயியும் அன்றாடம் எடுக்கும் சுத்தியலைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் தச்சர்களுக்கு வழங்கக் கருவிகள் வாங்கினோம். சுத்தியல்கள் யாவும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. கனமானதே உறுதியானது என்று எண்ணினோம். ஓராண்டு கழித்துச் சென்றபோது அவற்றுள் பல மூலையில் கிடந்தன. முதிய தச்சர் ஒருவர் முழங்கையைத் தடவிக்கொண்டே, "ஐயா, இது கல் உடைக்க ஆகும், நாள் முழுதும் ஆணி அடிக்க என் கை தாங்காது" என்றார். வாங்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்டோமில்லை. பிழை எங்களுடையதே.

கனம் மிகுந்தால் அடி பலக்கும் என்பது பாதி உண்மையே. வேகம் மாறாமல் எடை இரு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரு மடங்காகும். எடை மாறாமல் வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின் இலேசான தலையும் சற்று நீண்ட பிடியும் உடைய சுத்தியலை விரைந்து வீசினால் ஆணி நன்றாக இறங்கும், கையும் சோராது. அமெரிக்காவில் வீட்டுச் சட்டவேலை செய்வோர் சிலர் டைட்டானியம் என்னும் இலேசான உலோகத்தாலான சுத்தியலை விரும்புவதும் இதனாலேயே. அதன் விலை மிக அதிகம். நமக்கு நல்ல எஃகுத் தலையே போதும்.

சிறு ஆணிக்கும் பலகை வேலைக்கும் 200 முதல் 300 கிராம் வரை உள்ள தலை ஏற்றது. நிலை, கைமரம், சட்டம் ஆகியவற்றுக்கு 450 முதல் 500 கிராம் பெரும்பாலோருக்குப் போதுமானது. மரப்பிடி போட்ட உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்கலாகாது. அதற்குக் கொட்டாப்புளி இருக்கிறது.

வாங்குமுன் பிடியின் கடைசியைப் பற்றிக் கையை நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு உடனே தாழ்ந்தால் அது உங்கள் கைக்குரியதன்று. பிடிக்கு நன்கு உலர்ந்த புளியோ கருவேலோ ஏற்றது. மரத்தின் இழை நேராக ஓட வேண்டும். நம் வெயிலில் பிடி சுருங்கித் தலை ஆட்டம் காணும். தண்ணீரில் ஊறவைப்பது அன்றைய பொழுதுக்கே உதவும். காய்ந்தபின் முன்னிலும் தளரும். ஆப்பு வைத்து இறுக்குவதே முறை. கூரைமேல் வேலை செய்பவர் கையிலிருந்து தலை கழன்றால் கீழே நிற்பவர் உயிருக்கே கேடு.

இனிக் கருவி வாங்கும்போது இரண்டு மூன்று எடைகளில் சுத்தியல்களைத் தச்சர்கள்முன் வையுங்கள். ஒவ்வொன்றாலும் பத்து ஆணி அடிக்கச் சொல்லுங்கள். அதன்பின் பட்டியல் எழுதுங்கள். விவசாயிக்கு நிலம் எப்படியோ, தச்சருக்குக் கை அப்படி. அதைக் காப்பது நம் கடமை.