கடலுக்கும் ஒரு தீர்மானம் போடுவோம்



நான் பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறவள். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, முங்கிப் பாசி எடுப்போம். இப்போது பாசியோடு கேரி பையும் அறுந்த வலையும் சேர்ந்து வருகிறது. ஒரு நாள் தண்ணிக்கடியில் தங்கூசி வலை என் காலில் சிக்கிருச்சு. கூட வந்த அக்கா அறுத்துவிட்டதால்தான் இன்னைக்கு உங்க முன்னால் நிற்கிறேன்.

எனக்கு அறுத்துவிட ஆள் இருந்தது. ஆமைக்கும் நண்டுக்கும் யார் இருக்கா? தங்கூசி மக்காது. கடலில் விட்ட வலை ஆளில்லாமலே மீனைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே இருக்கும். மிதக்கிற பையைச் சொறி என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும்.

ஒரு தடவை எங்க குழு கரையைச் சுத்தம் செய்தது. மூட்டை மூட்டையாகக் கட்டிக் கரையிலேயே அடுக்கினோம். போட்டோவும் எடுத்தாங்க. ஆனால் அள்ளிப்போக வண்டி வரவில்லை. காத்து அடிச்சதில் மூட்டை பிரிஞ்சு, பாதி திரும்பக் கடலுக்கே போயிருச்சு. அழுகையே வந்தது. அன்னைக்கு நாங்க சாப்பிட்டதும் பிளாஸ்டிக் தாளில் கட்டின பொட்டலம்தான்.

அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். கரையில் பொறுக்குவது கடைசி வேலை, முதல் வேலை வீட்டில் என்று புரிந்தது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரித்துத் தூய்மைக் காவலர் கையிலேயே கொடுக்கணும். கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்து பழைய சாமான் கடையில் போடணும். கூட்டத்தில் டம்ளர்தான், பிளாஸ்டிக் கப் கூடாது. மீறினால் அபராதம்.

முதல் அபராதம் கட்டினது நான்தான். என் வீட்டுக்காரர் வலைத்துண்டைக் கடலில் போட்டுட்டு வந்ததை நானே எழுந்து சொன்னேன். அதுக்கப்புறம் அவர் போடுவதில்லை.

கட்டுப்பாடு எங்களுக்குப் புதுசில்லை. மாசத்துக்கு 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று பெண்களே பேசி முடிவெடுத்தவர்கள் நாங்கள். பாசிப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல் சீக்காலஜி விருது கிடைத்தது.

"எங்க ஊரில் கடலே இல்லையே" என்று சில அக்காமார் நினைக்கலாம். கண்மாய்க் கரையில் கொட்டின குப்பை, ஐப்பசி மழையில் மறுகால் வழியாக ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆத்துக்கு, கடைசியில் எங்க கிட்டத்தான் வரும். தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கு. ஆனால் நம்ம தெருவை நாமதான் பார்த்துக்கணும்.

ஒரு தவணை தவறினால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறோமே, குப்பைக்கும் அப்படிப் போய் நிற்போம். அடுத்த மாதக் கூட்டத்தில் உங்க குழுவும் ஒரு தீர்மானம் போடுங்க. முதல் அபராதம் தலைவி கட்டினாலும் தப்பில்லை.