மேல்முறையீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"இங்கே தோற்றால் என்ன, ஹைகோர்ட்டில் பார்த்துக் கொள்ளலாம்" என்று நம்மில் பலர் கூறக் கேட்கிறோம். மூலப்பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டில் வழக்காடுவோரும் உண்டு. இது ஆபத்தான எண்ணம்.

மேல்முறையீட்டில் வழக்கமாகச் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியமும் குறியீடு செய்யப்பட்ட ஆவணங்களுமே அங்கே பேசும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆம் பிரிவின்படி, முதல் மேல்முறையீட்டில் சங்கதி, சட்டம் இரண்டையும் நீதிபதி ஆராயலாம். ஆராய வேண்டியது அவரது கடமை என்று சந்தோஷ் ஹஸாரி வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆயினும், கூண்டில் நின்ற சாட்சி தடுமாறியதை நேரில் கண்டவர் கீழ்க்கோர்ட் நீதிபதியல்லவா? வாய்மொழிச் சாட்சியத்தில் அவர் கண்ட முடிவை மேல்நீதிமன்றம் எளிதில் தள்ளிவிடாது. புதிய ஆவணம் தாக்கல் செய்ய 41-ஆம் கட்டளை 27-ஆம் விதியில் வழியுண்டு. ஆனால் அது குறுகலான வாசல். கீழ்க்கோர்ட் தவறாக ஏற்க மறுத்திருக்க வேண்டும், அல்லது உரிய முயற்சி செய்தும் அப்போது கிடைக்காதிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றமே தேவையெனக் கருத வேண்டும். பெட்டியில் இருந்த பத்திரத்திற்கு இவை பொருந்துமா?

இரண்டாம் மேல்முறையீடு இன்னும் கடினம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முக்கியமான சட்ட வினா எழுந்தாலன்றி உயர் நீதிமன்றம் அதை ஏற்பதில்லை. எல்லைக்கல் எங்கே இருந்தது என்பது சட்ட வினா ஆகாது.

கெடுவும் உண்டு. மாவட்ட, சார்பு நீதிமன்றங்களுக்கு 30 நாட்கள். உயர் நீதிமன்றத்திற்கு 90 நாட்கள். தீர்ப்பு நகல் பெறுவதற்கு ஆகும் காலம் இதில் சேராது. மேல்முறையீடு செய்த மாத்திரத்தில் தீர்ப்பு நின்றுவிடுவதில்லை. தடையாணை தனியே பெற வேண்டும். இது தெரியாமல் அமீனா வாசலுக்கு வந்தபின் ஓடுகிறவர்கள் பலர்.

வக்ஃபு வழக்குகள் பற்றி ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பாயத்தின் முடிவே இறுதியானது. உயர் நீதிமன்றம் ஆவணங்களை வரவழைத்து அதன் முறைமையைப் பரிசீலிக்கலாம் என்ற அளவே இருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்துள்ளது. அங்கும் ஆதாரங்களைத் தீர்ப்பாயத்திலேயே காட்டியிருக்க வேண்டும். எனவே முத்தவல்லிகள் உத்தரவு கைக்கு வந்த தேதியை அன்றே பதிவேட்டில் குறித்து வைப்பார்களாக.