மாதந்தோறும் வரும் நோயும் ஆண்டுக்கொருமுறை வரும் கொடையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

சற்றுமுன் செயலாளர் அவர்கள் வரவு செலவு அறிக்கையை வாசித்தார்கள். நாமும் கவனமாகக் கேட்டோம். அதில் நம் மனத்தில் தைத்த செய்தி ஒன்று உண்டு. ரமளான் மாதத்தில் பைத்துல்மாலுக்கு வரும் தொகை நிறைந்து நிற்கிறது. ஷவ்வால் பிறந்ததும் அந்த வரவு வற்றிவிடுகிறது. ஆடியில் இரு கரையும் புரண்டு ஓடி, சித்திரையில் மணல்மேடாகக் கிடக்கும் கொள்ளிடத்தைப் போன்றது அது. ஆனால் நோய் ரமளானுக்காகக் காத்திருப்பதில்லை. இன்று நாம் உங்கள் முன் வைக்க விரும்புவது இந்த ஒரே கருத்தைத்தான்: நோயும் வறுமையும் மாதந்தோறும் வருகின்றன, நமது கொடையும் மாதந்தோறும் வர வேண்டும், வரும் கொடை அதற்குரிய கணக்கில், அதற்குரிய சட்டப்படி, வாங்குபவரின் கண்ணியம் குலையாமல் சென்று சேர வேண்டும்.

நாம் செய்த ஒரு தவறு

நாம் முன்னர் வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றியபோது நடந்ததைச் சொல்கிறோம். அங்கே ஆட்டோ ஓட்டிப் பிழைத்த சகோதரர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டன. ஜும்ஆ தொழுகைக்குப்பின் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரையும் தெருவையும் நோயையும் நாமே அறிவித்தோம். வாசலில் துண்டு விரிக்கப்பட்டது. முதல் வாரம் நன்றாகவே வசூலாயிற்று. அடுத்த வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம் துண்டு விரிக்கவே தயக்கமாயிருந்தது. அதன்பின் அந்தச் சகோதரர் அந்தப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு வரவில்லை. விசாரித்தபோது, தம்மைக் காண்போரெல்லாம் எவ்வளவு வசூலாயிற்று என்று கேட்கிறார்கள் என்றும், அதனால் வேறு பள்ளிக்குச் செல்வதாகவும் சொன்னார்.

சில மாதங்களில் அவர் வஃபாத்தானார். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. கஃபன் துணிக்கும் கப்ரு வெட்டுவதற்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரு மணி நேரத்தில் நடந்தேறின. இறந்த பின்பு ஒரே நாளில் கிடைத்த ஆள்துணை, உயிரோடிருந்த நாளில் வாரத்துக்கு மூன்று முறை அவருக்குத் தேவைப்பட்டது. அப்போது நம்மிடம் இரக்கம் இருந்தது, ஏற்பாடு இல்லை. அவருடைய பெயரை அறிவித்த குற்றத்திற்காக நாம் இன்றும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டு வருகிறோம்.

எந்தக் காசு எந்தச் செலவுக்கு?

பைத்துல்மால் என்றவுடன் ஒரே பெட்டி, ஒரே கணக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டப்படி சுருக்கமாகச் சொல்கிறோம். ஷாஃபிஈ சகோதரர்கள் தங்கள் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவுபெறவும்.

முதலாவது, ஜகாத். 612.36 கிராம் வெள்ளியின் பெறுமானம் உள்ள பணமோ வியாபாரச் சரக்கோ, கடன் போக, ஓராண்டுக் கணக்கில் கையிலிருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு, கொடுத்தாக வேண்டும். தங்கம் மட்டுமே உள்ளவருக்கு 87.48 கிராம், ஏறக்குறைய பதினொரு பவுன், அளவாகும். இந்தத் தொகைக்கு உரியவர்கள் யார் என்பதைத் திருக்குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. ஏழைகளும் வறியவர்களும் கடனாளிகளும் அதில் அடங்குவர். ஜகாத் நிறைவேற ‘தம்லீக்’ அவசியம். அதாவது தகுதியுள்ள ஏழையின் கையில் அது அவருடைய சொந்த உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே ஜகாத் பணத்தில் மருத்துவமனைக் கட்டடம் எழுப்பவோ, ஆம்புலன்ஸ் வண்டி வாங்கவோ, மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கவோ இயலாது. மையித்து எதையும் உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்பதால் கஃபன் துணிக்குக்கூட அது செல்லாது. ஏழை நோயாளிக்கு மருந்தாகவோ பணமாகவோ கொடுக்கலாம். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய தொகையை நிர்வாகமே நேரில் கட்டுவதானால், அவர் சார்பாகக் கட்ட அவருடைய அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். ஃபித்ராவும், குர்பானித் தோலை விற்ற பணமும் இவ்வாறே ஏழைகளுக்கு உரியவை. ஒரு காலத்தில் தோல் பணத்தை நம்பியே பல ஜமாஅத்துகள் உதவிகள் வழங்கின. தோலின் விலை விழுந்துவிட்ட பின்பு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

இரண்டாவது, ‘லில்லாஹ்’ என்று நாம் வழங்கும் ஸதகா. இதன் வாசல் அகன்றது. ஜகாத் செல்லாத செலவுகளுக்கெல்லாம் இது செல்லும். ஜகாத்தை முஸ்லிமான ஏழைக்கே கொடுக்க வேண்டும். ஸதகாவை எச்சமயத்தவராயினும் தேவையுடைய அண்டைவீட்டாருக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது, வக்ஃப். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். விற்கப்படாமலும் வாரிசுரிமையாகப் பிரிக்கப்படாமலும் அது நின்று பலன் தந்தது. எகிப்தில் சுல்தான் கலாவூன் 1284-இல் கெய்ரோ நகரில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் வருமானத்தைக் கொண்டே நூற்றாண்டுகள் கடந்து நடந்தது. அவ்வளவு பெரிய செயல் நம்மால் ஆகாது. ஆனால் ஒரு சக்கர நாற்காலி, ஒரு மருத்துவமனைக் கட்டில், முதியோர் பிடித்து நடக்கும் வாக்கர் இவற்றை வக்ஃபாக வாங்கிப் பள்ளியில் வைத்து, தேவைப்படுவோருக்கு இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் அல்லவா? இடுப்பு முறிந்த ஒரு மூதாட்டிக்கு மூன்று மாதம் மட்டுமே தேவைப்படும் கட்டில், அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் சென்றுகொண்டே இருக்கும்.

இவை தவிர, சேமிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்ட வங்கி வட்டி இருக்கிறது. நன்மையை நாடாமல் தேவையுடையோருக்குக் கொடுத்து அகற்ற வேண்டியது அது. அதை மற்ற நிதிகளுடன் கலப்பது கூடாது. ஆதலால் நமக்குத் தனித்தனிப் பேரேடுகள் தேவை. கணக்கைப் பிரிப்பது அலுவலக நடைமுறை மட்டுமன்று. கொடுத்தவரின் கடமை நிறைவேறுவதும் நிறைவேறாமற்போவதும் அதில்தான் இருக்கிறது.

அரசு தருவதும் நாம் தர வேண்டியதும்

புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022 ஜனவரியில் அதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸும் அதில் அடங்கும். இத்தனை இருந்தும் நம் மஹல்லாவில் காப்பீட்டு அட்டை எடுக்காத வீடுகள் உண்டு. வருமானச் சான்றிதழ் வாங்கவும், குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகம் சென்று பதியவும் துணைக்கு ஆளில்லாததே காரணம். ஒரு நாள் வேலையை விட்டு, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாயை அழைத்துச் செல்லும் இளைஞர், ஒரு ரூபாயும் செலவழிக்காமல் 5 லட்சம் ரூபாய்க்கான பாதுகாப்பை அந்தக் குடும்பத்துக்குத் தேடித் தருகிறார். அதுவும் ஸதகாதான்.

அரசு இயந்திரத்தையும் மருந்தையும் தருகிறது. ஆட்டோ வாடகையை யார் தருவது? வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் இந்தத் தீவிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். துணைக்குச் செல்பவருக்கு அன்றைய கூலி போய்விடும். வீட்டில் அடுப்பெரிய வேண்டும்; பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நிற்காது. சிகிச்சை இலவசமாக இருந்தும் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் இத்தகைய சில்லறைச் செலவுகளே. ஜமாஅத் நிதியின் இடம் இங்கேதான்.

காசநோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம் தவறாமல் மருந்துண்ண வேண்டும். ஊட்டமான உணவும் வேண்டும். அரசு மாதந்தோறும் வழங்கிய ஊட்டச்சத்துத் தொகை 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கும் மேலாக, நோயாளியின் சம்மதத்துடன் அவருக்கு உணவுப்பொருள்களை வழங்கும் பொறுப்பைச் சங்கங்களும் தனிமனிதர்களும் ஏற்கும் ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாடு 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஒரு ஜமாஅத்தும் அதில் பதிந்துகொள்ளலாம். முட்டையும் பருப்பும் நிலக்கடலையும் ஆறு மாதம் கொடுப்பது நமக்குப் பெரும் சுமையன்று.

கணவனை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உதவ, மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்னும் அமைப்பைத் தமிழக அரசு ஏற்படுத்தியது. கொடையாளர்களிடம் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசு இணைமானியம் வழங்குவது அதன் முறை. நம் சகோதரிகள் அதை அறிந்து பயன்பெற ஜமாஅத் வழிகாட்ட வேண்டும்.

அண்டைவீட்டாரின் உரிமை

நாம் வாழ்வது ஜம்புகேசுவரர் கோயிலின் மதில் நிழலில், அரங்கநாதர் கோயிலின் கோபுரப் பார்வையில். நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாளில் பாத்திரத்துடன் வரும் குழந்தையிடம் நாம் பெயரையோ சமயத்தையோ கேட்டதில்லை. மருத்துவ உதவியிலும் லில்லாஹ் நிதி அவ்வாறே நடக்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் வீட்டு வாசலில் யாசித்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவருக்கும் அவரையொத்தோருக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவும்படி பணித்த வரலாற்றை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவுசெய்துள்ளார்கள்.

பரங்கிப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி சுற்றுப்புற மீனவக் கிராமங்களை அழித்தபோது, திருமணத்துக்கென ஆக்கிய பிரியாணி உயிர்தப்பி வந்தோருக்குப் பரிமாறப்பட்டது. அவ்வூர் ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குத் தங்க இடமும் தொடர்ந்து உணவும் தந்தார்கள். இறந்தோரின் உடல்களை மீட்டு அடக்கினார்கள். அலை வந்த பிறகு கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டிருந்தால் அது நடந்திருக்குமா? முன்னரே கட்டுக்கோப்பான ஜமாஅத் இருந்தது. ஆளும் பொறுப்பும் இருந்தன. கொரோனாப் பெருந்தொற்றின் நாள்களில், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சமயம் பாராமல் நம் இளைஞர்கள் தமிழகமெங்கும் அடக்கம் செய்ததும் அவ்வாறே.

நாம் கேட்டுக்கொள்வது

முதலில், ஒவ்வொரு வீடும் தன்னால் இயன்ற ஒரு தொகையை மாதந்தோறும் லில்லாஹ் நிதிக்கு எழுதித் தர வேண்டும். ஐம்பது ரூபாயானாலும் போதும். அது தவறாமல் வர வேண்டும். ஜகாத்தையும் ரமளானில் ஒரே இரவில் சில்லறையாகப் பங்கிட்டுவிடாமல், தம் ஏழை உறவினருக்குரியது போக ஒரு பகுதியை மருத்துவத்துக்கென ஒப்படையுங்கள். நிர்வாகமும் அதைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் விரைவில் உரியவரிடம் சேர்க்க வேண்டும்.

அடுத்து, உதவி கோருவோரின் பெயர் ஒலிபெருக்கியில் வரக் கூடாது. ஆண்டு மலரிலும் அச்சேறக் கூடாது. இருவர் மட்டும் நேரில் சென்று விசாரிக்கட்டும். பெண்கள் உள்ள வீட்டுக்குப் பெண்களே செல்லட்டும். செலவான தொகையும் வகையும் எல்லோருக்கும் தெரியட்டும். வாங்கியவர் யாரென்பது தெரியாதிருக்கட்டும்.

இறுதியாக, அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளின் கொடையைப் பற்றி ஒரு சொல். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தம் சொந்த வருவாயிலிருந்து வங்கி வழியே அனுப்புவதில் தடையில்லை. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடம் வாங்குவதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். நல்ல செயலைச் சட்டத்துக்குப் புறம்பாகச் செய்து கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரியோர்களே! அந்த ஆட்டோ ஓட்டுநரின் ஜனாஸாவைத் தோளில் சுமந்தபோது, எத்தனை தோள்கள் முந்தி வந்தன என்பதைக் கண்டோம். அந்தத் தோள்கள் நம்மிடம் இன்றும் இருக்கின்றன. நோயாளி உயிரோடிருக்கும்போதே அவை முந்தட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! கொடுப்போரின் பொருளில் பரக்கத்தையும், பெறுவோரின் உள்ளத்தில் நிம்மதியையும், கணக்கை ஏந்தியிருப்போரிடம் அமானிதத்தையும் நிலைநிறுத்துவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.